வளைகுடாப் பள்ளி நிர்வாகங்களுக்கு: காவல் துறைச் சான்றான பிசிசியைக் கடைசியில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களைத் தேர்வு செய்யும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். துபாய், ஷார்ஜா, தோஹா, மஸ்கட், குவைத், ரியாத் என்று வளைகுடா நகரங்களில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளை நடத்தும் உங்களுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. என்னிடம் படித்தவர்களும் என்னோடு பணியாற்றியவர்களும் ஆண்டுதோறும் உங்கள் பள்ளிகளில் வேலைக்குச் சேருகிறார்கள். கிளம்புவதற்கு முன் பலர் சான்றிதழ்களையும், நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய ஆவணப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். "டீச்சர், இதில் எதை முதலில் எடுப்பது?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். உங்கள் பட்டியலில் அதற்குப் பதில் இருப்பதில்லை.

பின்புலச் சரிபார்ப்பே வேண்டாம் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. குழந்தைகள் இருக்கும் கட்டடத்துக்குள் யார் வருகிறார் என்று பார்த்தே ஆக வேண்டும். நானும் பார்த்துத்தான் ஆள் எடுத்தேன். ஆனால் நீங்கள் கேட்கும் வரிசையும் கேட்கும் விதமும் ஆசிரியரை அலைக்கழிக்கின்றன. அதனால் உங்கள் பாதுகாப்பு ஒரு துளியும் கூடுவதில்லை.

போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்டை எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது பிசிசிதான். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டி, குறித்த நாளில் திருநெல்வேலி சேவா மையத்துக்குப் போக வேண்டும். 2022 செப்டம்பர் 28 முதல் அஞ்சலகங்களில் உள்ள பாஸ்போர்ட் மையங்களிலும் விண்ணப்பிக்கலாம் என்று ஆனது பெரிய நிம்மதி. பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியிலேயே குடியிருந்து, பழைய காவல் துறை அறிக்கையும் சரியாக இருந்தால் சான்று சீக்கிரம் கிடைத்துவிடும். ஆனால் உங்களிடம் வரும் ஆசிரியைகளில் பெரும்பாலோர் அண்மையில் மணமானவர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா வீட்டு முகவரி இருக்கும்; குடியிருப்பது கணவர் வீட்டில் அல்லது வாடகை வீட்டில். அப்போது விசாரணை காவல் நிலையத்துக்குப் போகும். கோயில் கொடை விழாவோ தேர்தலோ வந்துவிட்டால் அந்தத் தாள் நகராது. நிலையத்தில் இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு ஆயிரம் வேலை.

அந்தச் சான்றை நீங்கள் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே ஒரு தாள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். இவர் இன்ன நாட்டுக்கு விசா பெறுவதற்குத் தடையாக இவரைப் பற்றிப் பாதகமான தகவல் எதுவும் இல்லை என்று ஒரு வாக்கியம் இருக்கும். அந்த 'இன்ன நாடு' என்ற இடத்தில் நாட்டின் பெயரையே அச்சிட்டிருப்பார்கள். அமீரகத்துக்கு என்று எடுத்த பிசிசி கத்தாருக்குச் செல்லாது. என் பழைய மாணவி ஒருத்தியை ஒரு பள்ளிக் குழுமம் ஷார்ஜா கிளைக்குத் தேர்வு செய்தது. எல்லாம் முடிந்து பெட்டி கட்டும் நேரத்தில், தோஹா கிளையில் கணித ஆசிரியர் இல்லை, அங்கே சேருங்கள் என்றார்கள். அவர்களுக்கு அது வெறும் கிளை மாற்றம். அவளுக்கோ விண்ணப்பம், கட்டணம், விசாரணை, முத்திரை எல்லாம் முதலிலிருந்து. "அதே நிர்வாகம்தானே, அதே தாளை வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று அவளுடைய மாமனார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க அவருக்கு வழியில்லை.

அடுத்தது கெடு. மூன்று மாதத்துக்குள் எடுத்தது வேண்டும் என்று சிலர் கேட்கிறீர்கள், ஆறு மாதம் என்று சிலர். அது சரிதான். ஆனால் நேர்காணலை டிசம்பர், ஜனவரியில் வைத்துவிட்டு, பணி நியமனக் கடிதத்தோடு சேர்த்து பிசிசியையும் உடனே கேட்கிறீர்கள். வகுப்பு தொடங்குவது ஏப்ரலில். நடுவில் பட்டச் சான்றிதழ், அது உண்மைதான் என்று அலுவலகங்கள் குத்தும் முத்திரைக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். அது திரும்பி, விசாவும் வரும்போது பிசிசிக்கு வயதாகிவிடும். "புதிதாக ஒன்று எடுத்து அனுப்புங்கள்" என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒற்றை வரியில் பதில் வரும். அந்த ஒற்றை வரிக்காக, ஊரில் ஒரு தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண் மறுபடியும் விடுப்பு எடுக்க வேண்டும். விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள். எதற்கு என்று சொன்னால் வேலையே போய்விடும்.

பட்டம் பழசாகாது, பிசிசி பழசாகும். பட்டத்தை முதலில் கேளுங்கள். அது கைக்கு வந்து, எந்தக் கிளை, எந்த நாடு என்று நீங்களும் உறுதி செய்தபின் பிசிசியைக் கேளுங்கள்.

பட்டம் போகும் பாதை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், தெரிந்தால் பத்து நாள் அவகாசம் கொடுக்க மாட்டீர்கள். இப்போது பி.எட். முடிப்பவர்களுக்குச் சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது. அது 2008-இல்தான் வந்தது. அதற்கு முன் படித்தவர்களுக்கு அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகம். இளங்கலை ஓரிடம், முதுகலை வேறிடம் என்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, பட்டம் தாங்கள் கொடுத்ததுதான் என்று பல்கலைக்கழகம் எழுதித் தரும் உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும். உண்மைத்தன்மை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆசிரியர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதன்பின் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம், சில நாடுகளுக்கு அதற்கும் பிறகு தூதரகம். வெளியுறவு அமைச்சகம் 2012-ஆம் ஆண்டிலிருந்து தனிநபர்களிடம் நேரடியாகத் தாள் வாங்குவதில்லை. நியமித்த நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க முடியும்.

அந்த 'சில நாடுகள்' எவை என்பதில்தான் உங்கள் பட்டியல் சறுக்குகிறது. நான் பார்த்த பட்டியல்களில் பாதிக்கு மேல், மஸ்கட் பள்ளியானாலும் குவைத் பள்ளியானாலும், 'வெளியுறவு அமைச்சகம், அப்போஸ்டில், தூதரகம்' என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறது. யாரோ எப்போதோ தயாரித்ததை எல்லோரும் நகலெடுக்கிறீர்கள். அப்போஸ்டில் என்பது 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி ஒட்டும் சான்று. தூதரக முத்திரை இல்லாமல் வேலையை முடிப்பதற்குத்தான் அந்த உடன்படிக்கையே வந்தது. இந்தியா அதில் 2005-இலிருந்து இருக்கிறது. ஓமனில் 2012-இலும், பஹ்ரைனில் 2013-இலும், சவுதி அரேபியாவில் 2022 டிசம்பரிலும் அது நடைமுறைக்கு வந்தது. அமீரகமும் கத்தாரும் குவைத்தும் இதை எழுதும் நேரத்தில் அதில் இல்லை. அங்கே போகும் தாளுக்கு அமைச்சகச் சான்றும் தூதரகச் சான்றும் வேண்டும், அப்போஸ்டிலுக்கு வேலை இல்லை. ஆக, ஒரே தாளுக்கு அப்போஸ்டிலும் தூதரக முத்திரையும் சேர்த்துக் கேட்பதில் எங்கேயும் பொருள் இல்லை.

இந்தக் குழப்பத்தில் யார் பிழைக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்கும் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய். சாதாரணச் சான்றளிப்புக்கு அமைச்சகக் கட்டணமே கிடையாது. மேலே நியமித்த நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆனால் இங்கே ஏஜென்ட் 'பேக்கேஜ்' என்று சொல்லும் தொகை ஆயிரங்களில்தான் தொடங்கும். தேவையில்லாத முத்திரைக்கும் அதில் விலை உண்டு. உங்கள் பட்டியலில் அது இருப்பதால் அவரிடம் எதிர்வாதம் செய்ய முடிவதில்லை. பி.எட். அசலையும் மதிப்பெண் பட்டியலையும் முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டு, கூரியர் எண்ணைப் பார்த்தபடி தூக்கமில்லாமல் இருக்கும் பெண்களை நான் அறிவேன்.

அந்த அசல் தாளைத் திருப்பிப் பாருங்கள் ஒருநாள். ஏற்கெனவே குவைத்தில் நான்கு வருடம், பிறகு மஸ்கட்டில் சில வருடம் என்று வேலை பார்த்தவரின் பட்டத்தின் பின்பக்கத்தில் முத்திரை குத்த இடமே இருக்காது. ஊதா மையில் வட்ட முத்திரை, அதன் மேல் பாதி ஏறிய ரப்பர் ஸ்டாம்பு, கையெழுத்து, எண்ணிட்ட ஸ்டிக்கர், அந்த ஸ்டிக்கரின் ஓரத்தில் இன்னொன்று. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அப்பா லேமினேஷன் செய்து கொடுத்தவர்கள் பாடு இன்னும் மோசம். லேமினேஷன் செய்த தாளில் முத்திரை குத்த மாட்டார்கள். பிளாஸ்டிக்கை உரிக்கத் தெரிந்த கடையைத் தேட வேண்டும். உரிக்கும்போது எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டால் நகல் பட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அசலுக்குப் பதிலாகச் சான்றளித்த நகலில் முத்திரையை ஏற்க முடியுமா என்று உங்கள் நாட்டு விதியைப் பார்த்துச் சொன்னாலே பெரிய உதவி.

இத்தனை முத்திரைகளும் என்ன சொல்கின்றன? கையெழுத்து இன்னாருடையது, அவர் இன்ன பதவியில் இருப்பவர், முத்திரை உண்மையானது. அவ்வளவுதான். உள்ளே எழுதியிருப்பதற்கு அப்போஸ்டில் பொறுப்பேற்பதில்லை. பிசிசியும் இந்தியக் காவல் துறைப் பதிவைத்தான் பேசுகிறது; இடையில் மாலத்தீவில் கற்பித்தவருக்கு அங்கே என்ன பெயர் என்று அதில் இருக்காது. இந்த ஆசிரியர் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்வார், கை நீட்டுவாரா, கடைசி பெஞ்சுப் பையனை எப்படிக் கூப்பிடுவார் என்பதெல்லாம் எந்தத் தாளிலும் கிடையாது. அது எனக்குத் தெரியும். என் பள்ளியிலிருந்து உங்களிடம் வந்தவர்களைப் பற்றி இதுவரை ஒரு நிர்வாகமும் என்னை அழைத்துக் கேட்டதில்லை. அனுபவச் சான்றில் நான் போட்ட கையெழுத்துக்கு முத்திரை வாங்கச் சொன்னீர்கள். கையெழுத்துப் போட்டவளிடம் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. ஒருவரைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அவருடைய தாள்கள் எல்லாம் சரியாகவே இருந்தன.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்து சோதனைக் காலம் முடிந்தபின் திருப்பித் தருவதாகச் சில பள்ளிகள் எழுதுகின்றன. நல்லது. ஆனால் விசா கிடைக்காமல் போனாலோ, மாணவர் எண்ணிக்கை குறைந்ததென்று நீங்களே நியமனத்தை நிறுத்திவைத்தாலோ, முத்திரைக்குப் போன பணம் போனதுதான். தவறு ஆசிரியருடையது இல்லாதபோது ரசீதைப் பார்த்துக் கொடுத்துவிடுவதுதான் முறை. உங்கள் ஆண்டுக் கணக்கில் அது பெரிய தொகை ஆகாது.

வரும் டிசம்பரில் மறுபடியும் நேர்காணலுக்குச் சென்னைக்கும் கொச்சிக்கும் ஆள் அனுப்புவீர்கள். அதற்குள் அந்தப் பட்டியலை நாட்டுவாரியாகப் பிரித்து, எதற்கு எந்த முத்திரை, எந்த வரிசையில் என்று எழுதிவிடுங்கள். பிசிசியைக் கடைசி வரிக்குக் கொண்டுபோங்கள். முந்தைய பள்ளித் தலைமையாசிரியரின் தொலைபேசி எண்ணுக்கும் ஒரு இடம் விடுங்கள். என் எண்ணை எழுதினால், காலை பத்து மணிக்கு மேல் எப்போது அழைத்தாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
பாளையங்கோட்டை