என் பெயரைச் சொல்லி விதிகளைத் தளர்த்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் பழனி மலைச்சரிவு மனைகளைப் பற்றி வந்த கட்டுரையில், 'மலைப்பகுதி விதிகளின் கெடுபிடியால் நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக் கனவு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது' என்று உங்கள் செய்தியாளர் எழுதியிருக்கிறார். அந்தக் குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று. பெருமாள்மலைக்குக் கீழே ஐந்து சென்ட் மனைக்கு 2014இல் பணம் கட்டியவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், விதிகளால் எனக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை என்று சொல்லியிருப்பேன்.

மலையில் மனை போட அனுமதி தரும் மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம் 1990இலேயே வந்துவிட்டது. வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை என்று வரிசையாகத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் என்பது நீங்கள் அறியாததல்ல. எங்களுக்கு விற்றவர்களும் அறிந்ததுதான். 'எல்லாம் முடிந்துவிட்டது ஐயா, ஒரு கையெழுத்துதான் பாக்கி' என்று சொல்லித்தான் பணத்தை வாங்கினார்கள். என் பணிக்கொடையில் பாதியும் மனைவியின் எட்டுப் பவுன் சங்கிலியும் அந்தக் கையெழுத்துக்காகத்தான் இன்னும் காத்துக் கிடக்கின்றன. அனுமதி வருமுன் விற்றவரை விட்டுவிட்டு, அனுமதி தராத விதியைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தபோதே இதையெல்லாம் எழுதி உங்களுக்கு அனுப்பினேன். பிரசுரிக்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது எனக்கு இன்றும் வருத்தம்தான். அடுத்த மாதமே அதே மனைகளுக்கு முழுப்பக்க வண்ண விளம்பரம் உங்கள் பத்திரிகையில் வந்தது. படத்தில் மூடுபனியும் பசும்புல்லும் இருந்தன.

அந்தப் புல்லை 2019 மார்ச் கடைசியில் நேரில் பார்த்தேன். மனைவியையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். முதல் நாள் இரவுதான் சரிவு எரிந்து முடிந்திருந்தது. எங்கள் மனையின் எல்லைக்கல்லில் நீலச் சாயத்தில் 47 என்று எழுதியிருப்பார்கள். கரியைக் கையால் துடைத்த பிறகே எண் தெரிந்தது. வழிகாட்டிப் பலகை உருகி மண்ணில் ஒட்டிக் கிடந்தது. கீழ் ஊர் ஆட்கள் நான்கைந்து பேர், கையில் பச்சைக் குழையோடு, புகைந்துகொண்டிருந்த அடிமரங்களை அடித்து அணைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் என் மனைவியின் புடவைக் கரையில் ஒட்டிய சாம்பலைக் காட்டி, 'தள்ளி நில்லுங்கள் தாயி, அடியில் கங்கு இருக்கும்' என்றார். வண்டி எப்படி வந்தது என்றும் அவரே கேட்டார். ஜீப் ஒன்று ஏறினால் எதிரே இன்னொன்று இறங்க முடியாத பாதை அது. கீழே தீப்பிடித்தால் மேலே இருப்பவர்களுக்கு வேறு வழி கிடையாது. அந்தச் சரிவில்தான் அறுபது வீடுகள் என்று எங்களுக்கு வரைபடம் காட்டினார்கள்.

சரிவில் தீ கீழிருந்து மேலேறும். தனக்கு மேலே இருக்கும் புல்லை முதலில் காயவைத்து, பிறகு பற்றும். ஓடும் மனிதனை எட்டிப் பிடிக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் நடந்ததைப் பக்கம் பக்கமாக வெளியிட்டது உங்கள் பத்திரிகை. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2024 கோடையில் கொடைக்கானல் மேல்மலையில் நாள்கணக்கில் எரிந்ததையும் நீங்களே எழுதினீர்கள். அந்தச் செய்திகளை எழுதிய அதே அலுவலகத்தில் எப்படி ஐயா 'கெடுபிடி' என்ற சொல் வந்தது?

அன்று ஊர் திரும்பும் வழியில், வத்தலக்குண்டு வரும்வரை என் மனைவி பேசவில்லை. பிறகு, 'அங்கே வீடு வேண்டாம், பணம் வந்தால் போதும்' என்றாள். எனக்கும் அதுதான். எங்கள் கஷ்டத்தைக் காட்டி விதிகளைத் தளர்த்தினால், நாளை இன்னொரு குடும்பம் அந்தச் சரிவில் குடியேறும். அதற்கு என் ஏமாற்றம் பயன்பட வேண்டாம்.

நான் கேட்பது இரண்டே இரண்டு. அந்த வரிக்கு அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். மனை விளம்பரத்தில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண் இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டமே சொல்கிறது. மலை மனை என்றால் அந்த எண்ணையும் மலைப்பகுதி அனுமதியையும் பார்த்த பிறகே விளம்பரத்தை அச்சுக்கு அனுப்புங்கள். என் பணத்துக்கு நான் அலைந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
திண்டுக்கல்