ஆண்டறிக்கை 2025–26: உறுப்பினர் அட்டையும் தொழில் பதிவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், உலக மனநல நாளை ஒட்டி அக்டோபரில் கல்லூரிகளில் பேசியது, பிளஸ் டூ முடிவு வந்த நேரத்தில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது வேறொரு விஷயம். நம் உளவியலாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டையைக் காட்டி ஒருவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதுதான் அது.

ஜூன் மாதம் ஒரு பெற்றோர் மகனின் நுண்ணறிவுச் சோதனை அறிக்கையோடு நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். தேர்வில் சலுகை கேட்பதற்காக அந்த அறிக்கையை ஒரு மருத்துவமனையில் கொடுத்திருக்கிறார்கள். "சி.ஆர்.ஆர். எண் எங்கே?" என்று, அதாவது மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டின் எண்ணை, கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துக்குக் கீழே 'பதிவு எண்' என்று ஒரு எண் இருந்தது. அது நம் சங்கத்தின் உறுப்பினர் எண். "உங்க சங்கத்துல பதிவு பண்ணவங்கதானே சார், அப்புறம் ஏன் செல்லாதுன்னு சொல்றாங்க?" என்று அந்த அம்மா கேட்டார். கட்டணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிட்டோம். ஆனால் பையனுக்கு மறுபடியும் முதலிலிருந்து சோதனை செய்ய வேண்டியதாயிற்று. எழுதிக்கொடுத்த உறுப்பினர் ஏமாற்ற நினைத்தவர் என்று நான் சொல்லமாட்டேன். சங்கத்தின் எண்ணும் ஒரு பதிவு எண்தான் என்று உண்மையாகவே நம்பியிருந்தார். அவரைப் போல நம்பிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்பதால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

நம் சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான அமைப்பு. கூட்டம் போடலாம், பயிற்சி தரலாம், உறுப்பினரைச் சேர்க்கலாம், நீக்கலாம். தொழில் செய்ய யாருக்கும் உரிமம் கொடுக்க முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், என்று போர்டு வைக்க வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின், அதாவது ஆர்.சி.ஐ.யின், மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாயைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். அதற்கு முன்னால் எழுதியிருக்கும் ஓராண்டையும் சேர்த்துப் படிக்கவும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதையே பிடித்துக்கொள்கிறது. அதன்படி கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. ஏற்ற நிறுவனத்தில் கிளினிக்கல் சைக்காலஜி தகுதி பெற்றிருக்க வேண்டும். அல்லது உளவியலில் முதுகலை முடித்து, அதன்மேல் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்திருக்க வேண்டும், அந்த எம்.ஃபில்.லுக்கும் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். பல்கலைக்கழகங்கள் பல காலமாக நடத்திவந்த ஓராண்டு எம்.ஃபில். உளவியல் வேறு, இந்த இரண்டாண்டு எம்.ஃபில். வேறு. முதலாவது ஆய்வுக்கான பட்டம். அதைப் படித்தவர் கல்லூரியில் பாடம் எடுக்கலாம், ஆராய்ச்சி செய்யலாம். மனநல வார்டில் மேற்பார்வையில் ஒரு நாள்கூட இல்லாமலே அந்தப் பட்டத்தை வாங்கிவிட முடியும். பெயருக்குப் பின்னால் இரண்டும் ஒரே மாதிரி 'எம்.ஃபில்.' என்றுதான் நிற்கின்றன. பார்ப்பவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? பிஎச்.டி. முடித்து டாக்டர் என்று போட்டுக்கொள்வதிலும் இதே குழப்பம். அது உங்கள் உரிமை, மறுக்கவில்லை. ஆனால் மருந்து எழுதித் தருவார் என்று நினைத்து ஒருவர் வாசல்படி ஏறிவந்தால், இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, கிளினிக்கல் அல்லாத மற்றவர்கள்? ஆலோசகர்கள், பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள், நிறுவனங்களில் இருப்பவர்கள். நம் சங்கத்தில் இவர்கள்தான் பெரும்பான்மை. இவர்களுக்கென்று நாட்டில் ஒரு பதிவேடு வெகுகாலம் இல்லாமலே இருந்தது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்கள் ஆணையச் சட்டம் அந்த வெற்றிடத்துக்குத்தான் வந்தது. நடத்தைசார் சுகாதாரம் என்ற பிரிவில் உளவியலாளர்களைச் சேர்த்து, ஆர்.சி.ஐ.யின்கீழ் வரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளை மட்டும் விலக்கியிருக்கிறது. சுகாதாரப் பராமரிப்புத் தொழிலர் என்றால் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு, துணைத் தொழிலர் என்றால் 2,000 மணி நேரம் என்று வரையறுக்கிறது. பதிவேட்டை மாநில மன்றங்கள் வைத்திருக்கும். வார இறுதியில் இரண்டு நாள் உட்கார்ந்து வாங்கிய ஆலோசனை டிப்ளமோவை இந்த மணிக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

அந்தச் சட்டத்தின் முதல் அடி இந்த ஆண்டு விழுந்தது. அதில் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., அறிவித்தது. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து புதிய சேர்க்கை இல்லை. உளவியலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. செய்தி வந்த நாளிலிருந்து எனக்குப் போன் ஓயவில்லை. ஏற்கெனவே கரஸில், அதாவது அஞ்சல்வழியில், படித்து முடித்தவர்கள் தங்கள் பட்டம் ரத்தாகிவிட்டதா என்று பதறினார்கள். அறிவிப்பு புதிய சேர்க்கையைப் பற்றியது. முன்பு முறைப்படி வாங்கிய பட்டத்தை அது பறிக்கவில்லை.

இதில் எனக்கு இரண்டு மனது. ஆளை எதிரே உட்கார வைத்துப் பழக வேண்டிய தொழிலைத் தபாலில் வரும் புத்தகத்தை வைத்துக் கற்க முடியாது என்பது சரிதான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு படித்த பெண்களுக்கும், ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே படித்தவர்களுக்கும் திறந்திருந்த ஒரே கதவு அதுதான். நம் சங்கத்தின் நல்ல பள்ளி ஆலோசகர்களில் பலர் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள். கதவை மூடியவர்கள், அரசுக் கல்லூரிகளில் உளவியல் துறைகளைக் கூட்டியிருந்தால் குறை சொல்ல இடம் இருந்திருக்காது.

எம்.ஃபில். விஷயமும் ஆண்டு முழுக்கத் தலைக்குமேல் தொங்கியது. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. ஒழுங்குமுறை எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. பிறகு கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. மாணவ உறுப்பினர்களுக்கு ஒரே ஒரு யோசனை: எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், நீங்கள் சேரும் அந்த ஆண்டுக்கு அந்த நிறுவனத்துக்கு ஆர்.சி.ஐ. ஒப்புதல் இருக்கிறதா என்று மன்றத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். விளம்பரத் தாளில் அச்சாகியிருப்பதை நம்பாதீர்கள். ஒப்புதல் காலவரையறையோடு தரப்படுவது. போன ஆண்டு இருந்தது என்பதற்காக இந்த ஆண்டும் இருக்கும் என்று இல்லை.

இனி சங்கத்தின் விதித் திருத்தம். செப்டம்பர் கூட்டத்தில் இது வாக்குவாதமாகவே போனது. புதிய உறுப்பினர் சான்றிதழில் தங்க நிறத்தில் முத்திரையும், மேலே சிங்க முகச் சின்னம் போல ஒன்றும் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005இலேயே தனிச் சட்டம் இருக்கிறது என்று சொன்ன பிறகு சிங்கம் போனது. முத்திரைக்கான ஆசை மட்டும் கடைசிவரை போகவில்லை. அனுபவம் மிக்க மூத்த உறுப்பினர் ஒருவர், "நாப்பது வருஷமா ஜனங்களப் பார்க்கிறேன், எனக்கு ஒரு நம்பர் போட்டுக்கக்கூட உரிமை இல்லையா தம்பி?" என்று கேட்டார். அவர் வருத்தம் நியாயமானது. அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் ஆர்.சி.ஐ.யே கிடையாது. ஆனால் அவருக்கு ஒரு எண் கொடுத்தால் அதே மாதிரி ஒரு எண்ணை நேற்றுச் சேர்ந்தவரும் போடுவார்.

பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தைப் பற்றியும் அப்போது பேச்சு வந்தது. 1901இல் தொடங்கிய, அரச சாசனம் பெற்ற பெரிய சங்கம் அது. அதன் சார்ட்டர்டு உறுப்பினராக இருந்தாலும், அங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள ஹெச்.சி.பி.சி. என்ற தனிப் பதிவு அமைப்பில் பெயர் வேண்டும். 2009இலிருந்து அப்படித்தான். அவ்வளவு பெரிய சங்கமே உறுப்பினர் தகுதி வேறு, தொழில் பதிவு வேறு என்று வைத்திருக்கும்போது, மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் நாம் எந்த மூலை?

கடைசியில் செயற்குழு முடிவு செய்தது இதுதான். சான்றிதழில் உறுப்பினர் எண் இருக்காது. "இது சங்க உறுப்பினர் என்பதற்கு மட்டுமே சான்று; தொழில் உரிமம் அன்று" என்ற வரி பெயருக்கு நேர் கீழே, பெயரின் அதே எழுத்து அளவில் வரும். எழுத்தைச் சிறிதாக்கலாம் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. உறுப்பினர் பட்டியலில் அவரவர் பட்டம், படித்த முறை, ஆர்.சி.ஐ. பதிவு இருந்தால் அதன் எண் ஆகியவை அப்படியே இடம்பெறும். நம் சங்கத்தின் பெயரை லெட்டர்பேடிலோ சோதனை அறிக்கையிலோ போடக் கூடாது. மீறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு நீக்கம்.

திருத்தத்தின் நகல் எல்லோர் கையிலும் இருக்கிறது. விதித் திருத்தம் என்பதால் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். கைதூக்குவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். தகுதி விவரப் படிவத்தை இன்னும் தராதவர்கள் சான்றிதழ் நகலோடு துணைச் செயலாளரிடம் சாப்பாட்டுக்கு முன்பு கொடுக்கவும். சந்தா பாக்கியையும் அங்கேயே கட்டலாம்.

இப்படிக்கு,
செயலாளர்