பெயரை மறைத்து வாசித்த ஓராண்டு: செயலாளர் ஆண்டறிக்கை

அவைத் தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற ஆண்டுப் பேரவைக் கூட்டம் எப்படி முடிந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். முடியவில்லை, கலைந்தது. ஒரு அரசியல் தலைவரின் சொந்த வாழ்க்கையைப் பற்றி ஒருவர் ஏதோ சொல்ல, இன்னொருவர் எழுந்து "உங்க ஆள் மட்டும் யோக்கியமா?" என்று கேட்க, அப்புறம் நாற்காலிகள் தள்ளப்படும் சத்தம்தான் கேட்டது. நன்றியுரை சொல்ல நான் எழுந்தபோது அரங்கில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர்.

அடுத்த வாரம் கூடிய செயற்குழுவில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, இனிமேல் மன்றத்தில் அரசியலே பேசக்கூடாது. மற்றொன்று, ஆண்டு முழுக்க அதை மட்டுமே பேசுவது. தலைவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். "சண்டை வர்ற இடத்துலதான் பேசறதுக்கு விஷயம் இருக்கு" என்றார். இப்படித்தான் இவ்வாண்டின் பொருள் அமைந்தது: அரசியல் தலைவர்களின் குணத்தையும் குறையையும் பொதுவில் எடை போடுவது.

மாதம் ஒன்று வீதம் பன்னிரண்டு கூட்டங்கள் திட்டமிட்டோம். பதினொன்று நடந்தன. நடக்காத ஒன்றுக்குக் காரணம் நான்தான், அறிவிப்பில் தேதியை மாற்றி அடித்துவிட்டேன். உறுப்பினர் எண்ணிக்கை, வரவு செலவு எல்லாம் பொருளாளர் அறிக்கையில் வரும்.

முதல் கூட்டத்தில் பேசிய ஐந்து பேரும் ஒரே குறளில் தொடங்கினார்கள். எந்தக் குறள் என்று சொல்ல வேண்டியதில்லை. குணத்தை நாடுவதிலும் குற்றத்தை நாடுவதிலும் நமக்குச் சிக்கலே இல்லை. எது மிகை என்று பார்க்கும்போதுதான் ஆளுக்கு ஒரு தராசை எடுத்துக்கொள்கிறோம். ஐந்தாமவர் முடித்ததும், இனி யாரும் பேச்சின் முதல் பத்து நிமிடத்துக்குள் அந்தக் குறளைச் சொல்லக்கூடாது என்று தலைவர் தீர்ப்பளித்தார். இவ்வாண்டு நாம் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் கூட்டத்தில் நூலகர் பண்டைய ஏதென்ஸைப் பற்றிப் பேசினார். அங்கே யாரையாவது நாட்டை விட்டுப் பத்தாண்டுக்கு அனுப்ப வேண்டுமா என்று ஆண்டுக்கு ஒருமுறை மக்களைக் கேட்பார்கள். வேண்டும் என்று முடிவானால், பிறகொரு நாள் கூடி, உடைந்த பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போட வேண்டும். குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது, அந்த ஆள் பதில் சொல்ல வாய்ப்பும் கிடையாது. நேர்மையாளர் என்று பெயரெடுத்த அரிஸ்டைடீஸ் இப்படித்தான் பொ.ஆ.மு. 482-இல் வெளியேற்றப்பட்டார். எழுதத் தெரியாத ஒரு விவசாயி அவரிடமே ஓட்டை நீட்டி, "இதுல அரிஸ்டைடீஸ்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டதாகவும், "அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார்?" என்று இவர் கேட்டதற்கு, "ஆளையே எனக்குத் தெரியாது. எங்க போனாலும் நேர்மையாளர், நேர்மையாளர்னு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு" என்றதாகவும் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். இவர் மறுபேச்சில்லாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தாராம்.

இந்தக் கதையைப் பலர் முன்பே கேட்டிருந்தார்கள். அடுத்து நூலகர் சொன்னது எனக்குப் புதிது. அக்ரோபோலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றைத் தோண்டியபோது, தெமிஸ்டோக்ளீஸ் என்ற தலைவரின் பெயர் கீறிய ஓடுகள் ஏறக்குறைய 190 கிடைத்தன. எழுத்தைச் சோதித்துப் பார்த்தால், அத்தனையையும் எழுதியவர்கள் பதினான்கு பேர்தானாம். யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து எழுதி, கூட்டத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பதற்காகக் கட்டி வைத்திருக்க வேண்டும். அரங்கில் சிரிப்பு. ஒரே வசைச் செய்தி ஒரே எழுத்துப்பிழையோடு நான்கு குழுக்களிலிருந்து வந்து சேர்கிற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டே.

அதே கூட்டத்தில் உத்திரமேரூரும் வந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, சபை வாரியங்களில் யார் இருக்கக்கூடாது என்று பட்டியலே போடுகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் சேர்க்கக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் சேர்க்கக்கூடாது. பட்டியலில் வேறு பெரும் பாவங்களும் உண்டு. என்றாலும் கணக்குக் காட்டாததும் குணக்கேடுதான் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்குள் நடந்த தேர்வுதானே அது, மற்றவர்கள் எங்கே என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி, குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் ஏதென்ஸோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. இங்கே எதை வைத்து ஆளை ஒதுக்குவோம் என்று முதலிலேயே எழுதிவிட்டு, அப்புறம் பெயருக்குப் போனார்கள். அங்கே பெயர் மட்டும்தான்.

நான்காம் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஆண்டின் உருப்படியான வேலை அன்றுதான் நடந்தது.

பெயர் தெரியாமல் எடை போட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு தாள்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்தேன். தாள் ஒன்று: ஒருவர் நாட்டின் மிக உயர்ந்த பதவிக்குப் போட்டியிடுகிறார். மணமாகாமலே அவருக்கு ஒரு குழந்தை உண்டு என்று ஒரு பத்திரிகை எழுதுகிறது. என்ன பதில் சொல்வது என்று கட்சிக்காரர்கள் பதறுகிறார்கள். "உண்மையைச் சொல்லுங்கள்" என்று பதில் வருகிறது. எதிர்த்து நிற்பவரின் குடும்ப வாழ்க்கையில் ஒரு கறையும் இல்லை, ஆனால் ரயில்வே நிறுவனங்களிடம் ஆதாயம் அடைந்ததாக அவர்மேல் புகார் இருக்கிறது. உங்கள் ஓட்டு யாருக்கு? ஏறக்குறைய எல்லாக் கைகளும் முதல் ஆளுக்கு உயர்ந்தன. "தப்பு பண்ணினான், ஒத்துக்கிட்டான், ஊர்ப் பணத்துல கை வைக்கலை" என்று ஒரு பெரியவர் காரணமும் சொன்னார்.

தாள் இரண்டு: ஒருவர் பதவியில் இருக்கிறார். நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளிக்கிறது. அவர் வாயில் புற்றுநோய். வெளியே தெரிந்தால் சந்தை ஆட்டம் காணும் என்று நண்பரின் படகில் ரகசியமாக அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார். மேல்தாடையில் ஒரு பகுதியையே எடுத்துவிடுகிறார்கள். மக்களுக்குச் சொன்னது பல்வலி. துப்புத் துலக்கி எழுதிய பத்திரிகையாளரைப் பொய்யர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முழு உண்மை வெளிவர இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின, அதற்குள் அவரும் இறந்துவிட்டார். இவரைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? அநேகமாக எல்லோரும் எதிராகக் கை தூக்கினார்கள். நோயை மறைத்ததைக்கூட மன்னிக்கலாம், எழுதியவரைப் பொய்யராக்கியதை மன்னிக்க முடியாது என்றார்கள்.

அப்புறம் பெயரைச் சொன்னேன். இரண்டு தாளிலும் இருப்பவர் ஒருவரே, அமெரிக்க அதிபர் குரோவர் கிளீவ்லேண்ட். முதல் தாள் 1884, இரண்டாவது 1893. ஒருவர் தூக்கிய கையை இறக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு உள்ளூரப் பெருமை. அரங்கை மடக்கிவிட்டோம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, இரண்டாம் வரிசையில் இருந்த உறுப்பினர் அம்மா ஒருவர் கேட்டார்: "செயலாளர் சார், மூணாவது தாள் எங்கே?"

எனக்குப் புரியவில்லை. "குழந்தையைப் பெத்தவங்க என்ன சொன்னாங்க? அதைக் காணோமே" என்றார்.

வீட்டுக்குப் போய்த் தேடினேன். மரியா ஹால்பின் என்ற அந்தப் பெண்ணிடமிருந்து குழந்தையைப் பிரித்து அனாதை இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். அவரையும் கொஞ்ச காலம் மனநலக் காப்பகத்தில் வைத்திருந்தார்கள். நடந்தது பலவந்தம் என்று அவர் கையெழுத்திட்ட வாக்குமூலம் அதே 1884 தேர்தல் நேரத்தில் செய்தித்தாளில் வந்திருக்கிறது. ஆதரவாளர்கள் பதிலுக்கு அவருடைய நடத்தையைத்தான் பேசினார்கள். அடுத்த கூட்டத்தில் இதை மூன்றாம் தாளாக வாசித்தேன். "உண்மையைச் சொல்லச் சொன்னவர், யாரோட உண்மையைச் சொன்னார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். முதல் தாளுக்குக் கை தூக்கிய யாரும் அன்று வாய் திறக்கவில்லை. "மனிதக் குறை" என்று நாம் பெரிய மனதோடு ஒதுக்கிவைக்கும் ஒன்று, வேறொருவருக்கு நேர்ந்த அநீதியாக இருக்கலாம். மன்னிப்பதற்கு முன்னால் அது யாருக்கு நேர்ந்தது என்று நானே பார்த்திருக்க வேண்டும்.

நோயைப் பற்றிய ஆறாம் கூட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972-இல் அமெரிக்காவில் துணை அதிபர் வேட்பாளராக நின்ற தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு மின்அதிர்ச்சி சிகிச்சை பெற்றவர் என்று தெரிந்ததால், வேட்பாளரான பதினெட்டே நாளில் விலகினார். 1998-இல் நார்வே பிரதமர் போன்டெவிக் தனக்கு மனச்சோர்வு என்று அறிவித்துவிட்டே விடுப்பில் போனார், சில வாரங்களில் திரும்பி வந்தார். 2001-இல் மறுபடியும் பிரதமர் ஆனார். காலமும் நாடும் வேறு என்றாலும், ஒருவரிடம் அது பிறர் தோண்டி எடுத்த செய்தி, மற்றவரிடம் அவரே சொன்ன செய்தி. இதை நோய் என்றல்லாமல் குணம் என்று பேசுவதே தவறு என்றார் நம் மருத்துவ உறுப்பினர். எனக்கும் அதே கருத்துதான்.

எட்டாம் கூட்டத்தில் வழக்கறிஞர் உறுப்பினர் அவதூறுச் சட்டத்தை விளக்கினார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு (2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 356) சில விலக்குகளைத் தருகிறது. பொது ஊழியர் தன் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்லலாம். அந்த நடத்தையில் வெளிப்படுகிற அளவுக்கு அவருடைய குணத்தைப் பற்றியும் சொல்லலாம். அதற்கு மேல் கூடாது. இந்த "அதற்கு மேல் கூடாது" என்பதன்மேல் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. வீட்டில் கத்துகிறவர் அமைச்சரவையிலும் கத்தத்தானே செய்வார் என்றார் ஒருவர். கத்தட்டும், அமைச்சரவையில் கத்தியதைப் பேசுவோம் என்றார் வழக்கறிஞர்.

ஒன்பதாம் கூட்டத்தில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரே குணத்துக்கு நாம் வைத்திருக்கும் இரண்டு பெயர்களை எழுதினோம். நம் ஆள் கோபப்பட்டால் ரோஷம், அவர்கள் ஆள் என்றால் திமிர். நம் ஆள் பேச்சை மாற்றினால் ராஜதந்திரம், அவர்கள் ஆள் மாற்றினால் பச்சோந்தி. நம் ஆள் பேசாமல் இருந்தால் பக்குவம், அவர்கள் ஆள் என்றால் பயம். பலகை நிறைந்துவிட்டது. சென்ற ஆண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போன இருவரும் அன்று பக்கத்துப் பக்கத்தில் நின்று எழுதினார்கள். சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று சொல்லவரவில்லை. சாக்கட்டி ஒன்றுதான் இருந்தது.

அந்தப் பலகைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

கூட்டம் முடிந்ததும் ஓர் இளைய உறுப்பினர் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, ஏழாம் கூட்டத்தின் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். பென்சிலில் இரண்டு கோடுகள் போட்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் இரண்டு தலைவர்கள் மீது ஒரே மாதிரி குறை சொல்லப்பட்டது, கீழே வேலை செய்பவர்களைப் பலர் முன்னால் மரியாதை இல்லாமல் பேசினார்கள் என்று. ஒருவரைப் பற்றி நான் எழுதியிருந்தது: "அவருடைய ஆணவம் சுட்டிக்காட்டப்பட்டது." மற்றவரைப் பற்றி எழுதியிருந்தது: "சில மனிதக் குறைகளும் பேசப்பட்டன." இரண்டாமவர் நான் கல்லூரி நாளிலிருந்து பின்பற்றும் தலைவர். அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, சொன்னால் பேச்சு அவரைப் பற்றிப் போய்விடும்.

வேண்டுமென்று எழுதவில்லை. எழுதும்போது இது வித்தியாசமாகவே எனக்குத் தெரியவில்லை, அதுதான் சங்கடம். ஆண்டு முழுக்கப் பெயரை மறைத்து வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான். "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றார் அந்தத் தம்பி. தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன், இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே தொலைபேசியில் அழைத்தேன்.

அங்கீகரிக்கப்பட்ட குறிப்பைச் செயலாளர் தன்னிச்சையாக மாற்ற விதியில் இடமில்லை. எனவே திருத்தத்தை இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவதாகச் சேர்த்திருக்கிறேன். முன்மொழிபவர் அந்த இளைய உறுப்பினர். இரண்டு தலைவர்களுக்கும் ஒரே வாக்கியம்தான் இருக்கும்: "பணியாளர்களைப் பலர் முன்னிலையில் மரியாதையின்றிப் பேசினார் என்று உறுப்பினர் கூறினார்." வழிமொழிய ஒருவர் வேண்டும். அறிக்கையை ஏற்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன். பென்சில் கோடுகளை அழிக்கவில்லை, பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். குறிப்பேடு மேசைமேல் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்