சுவரில் எழுத வேண்டிய பெயர்

அன்புள்ள டோங்,

எதிர் வீட்டுப் பெண் இந்த மாதக் கடைசியில் கனடாவுக்கு, உன் வின்னிபெக்குக்கே வருகிறாள். அவள் பெட்டியில் இரண்டு கிலோ இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். காய்ந்த மாம்பழம் ஆறு பொட்டலம், டங்கிட் கருவாடு ஒரு பொட்டலம். நாற்றம் வெளியே வராதபடி பிளாஸ்டிக்கில் மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறேன், பயப்படாதே. அதோடு இந்தக் கடிதம். போனில் அம்மா பேசினால் "சரி நனாய், சரி நனாய்" என்று சொல்லி வைத்துவிடுவாய். நான்கு மாதமாக அதுவும் இல்லை. வேலை அதிகம் என்று உன் மனைவி சொன்னாள். இருக்கும். முதியோர் இல்லத்தில் இரவு வேலை என்றால் சும்மாவா.

உன் கை எப்படி இருக்கிறது? அந்தக் குளிரில் விரல் விரைத்துப்போகும். உறையைக் கழற்றாதே. குச்சிப் பயிற்சி முடிந்த சூட்டோடு தண்ணீரில் கை வைக்காதே, பஸ்மா நடுக்கம் வரும். நர்ஸ் படித்தவன் நீ சிரிப்பாய். சிரி. உன் தாத்தாவுக்கு, நம் லோலோவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கியது எதனால் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

இங்கே செபுவில் எல்லோரும் நலம். நாய் குட்டி போட்டது, நான்கு. கூரை ஒழுகவில்லை. ஒடெட் புயல் பிய்த்துக்கொண்டு போன தகரத்துக்குப் பதிலாக நீ பணம் அனுப்பிப் போட்டது இன்னும் உறுதியாகவே இருக்கிறது. 2021 டிசம்பர் 16 ராத்திரியை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. பயிற்சிக் கொட்டகைச் சுவர் முழுக்க ஊறிப்போய் லோலோவின் படம் பாதி அழிந்துவிட்டது. உன் அப்பாவின், தத்தாயின் படத்தைத் துடைத்து மாட்டினேன். அந்தக் காலண்டரை மட்டும் எடுக்கவில்லை.

நீ கடைசியாகக் கேட்டது சான்றிதழ் விஷயம். உன்னிடம் எஸ்கிரிமா, நம் குச்சிச் சண்டை, படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் சுவரில் எழுதவும் ஆசிரியர் வரிசை வேண்டும், உனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று எந்தப் பெயரைப் போட, என்று கேட்டாய். நான் கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். அடுப்பில் மீன் இருந்தது. சரி, அதற்கு வருகிறேன். பள்ளியின் வரலாற்றையும் கேட்டிருந்தாய், முதலில் அதை எழுதுகிறேன். எனக்கு அது மனப்பாடம். உன் தத்தாய் ஒவ்வொரு வெள்ளைக்காரனுக்கும் சொன்னதை முப்பது வருஷம் சமையலறையிலிருந்து கேட்டவள் நான்.

மக்தான் தீவின் தலைவன் லப்பூலப்பூவிலிருந்து தொடங்காதே. உன் தத்தாய் அங்கிருந்துதான் தொடங்குவார். 1521-இல் மக்தானில் மெகல்லனை வீழ்த்திய அதே வீச்சுதான் நம்முடைய முதல் வீச்சு என்பார். நீ பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, மெகல்லனோடு வந்த பிகாஃபெட்டா எழுதியதில் மூங்கில் ஈட்டியும் நெருப்பில் வாட்டிய கழியும் கல்லும் அம்பும்தான் அதிகம், நம் குச்சி எங்கே என்று பத்துப் பேர் முன்னால் கேட்டாய். அன்றைக்கு அவர் முகம் போன போக்கு! எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஆனாலும் அப்பாவை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

லோலோவிலிருந்து தொடங்கு. போஹோல் தீவிலிருந்து சிறுவனாகச் செபுவுக்கு வந்து கார்பன் சந்தையில் மூட்டை தூக்கியவர். அப்போது லபாங்கோனில் சாவேத்ரா குடும்பத்தாரும் கன்யேத்தே சகோதரர்களும் பயிற்சி செய்வார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தே பாதி கற்றுக்கொண்டாராம். 1932 ஜனவரியில் அவர்கள் எல்லோரும் கூடி தோசே பாரெஸ் சங்கத்தைத் தொடங்கினார்கள். எஸ்கிரிமா என்றாலே ஒளிந்து ஒளிந்து கற்கிற காலம் அது. ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாருக்குத் தன் அடியைக் காட்ட மாட்டார். அப்படிப்பட்டவர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள் என்பதே பெரிய அதிசயம் என்று லோலோ சொல்வார். பிரான்ஸ் ராஜா சார்லமேனின் பன்னிரண்டு வீரர்களை வைத்துப் பெயர் சூட்டினார்கள். "நான் அந்தப் பன்னிரண்டில் பதின்மூன்றாவது" என்று குடித்தால் சொல்வார். குடிக்காமலும் சொல்வார்.

ஜப்பான்காரன் வந்தபோது சுந்தாங் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நீயும் பிள்ளைகளிடம் அளக்காதே. போர் முடிந்து வந்து அந்த மாமரத்தடியில் நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார், காசு வாங்காமல். ஒரு கோழி, ஒரு காலன் துபா கள், அவ்வளவுதான். 1952-இல் அன்சியோங் பேகோன் அந்தச் சங்கத்திலிருந்து பிரிந்து போய் பலிந்தவாக் தெருவில் ஒரு கடிகாரக் கடைக்குப் பின்னால் தனிப் பள்ளி வைத்தார். தெருவின் பெயரே பள்ளிக்கு வந்துவிட்டது. ஒற்றைக் குச்சி, நெருங்கி நின்று, இடது கையால் தட்டித் தட்டி அடிக்கிற முறை. செபுவே இரண்டாகப் பிரிந்து கிடந்த அந்த நாளில் லோலோ இரண்டு பக்கமும் போய் வந்தார். அதனால்தான் நம் வீட்டில் லார்கோவும் இருந்தது, கோர்தோவும் இருந்தது. தூரத்து அடியை உன் தத்தாய் எடுத்துக்கொண்டார். நெருங்கிய அடியை அவர் தம்பி, உன் தியோ.

பார், எழுதிவிட்டேன்.

பிரம்பு விஷயத்தையும் பிள்ளைகளுக்குச் சொல். கடையில் வாங்கிய வழவழப்பான குச்சியைக் கொடுத்துத் தொடங்காதே. கணு நெருக்கமான பிரம்பாகப் பார்த்து எடுக்க வேண்டும், நிழலில் காய வேண்டும், நெருப்பில் காட்டி நிமிர்த்த வேண்டும், அப்புறம்தான் 28 அங்குலத்துக்கு அறுப்பது. அந்த வேலை முழுக்க என்னுடையது. நான் ஒரு நாளும் குச்சி பிடித்துச் சண்டை போட்டதில்லை, ஆனால் இந்தத் தெருவில் என்னைவிட அதிகக் குச்சி பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்கக்கூட வேண்டாம், சத்தம் போதும். இரட்டைக் குச்சிச் சினவாலி ஓடும்போது பாகற்காய் நறுக்கிக்கொண்டே சொல்வேன், யாருடைய மணிக்கட்டு இறுகியிருக்கிறது, யார் இன்று சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று. உன் குச்சிச் சத்தம் தனி. ஆறு வயதிலேயே தனி. கடைசியாகப் போனில் பேசியபோது உனக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்கவில்லை. சர்ச் அடித்தளத்து வகுப்பை நிறுத்திவிட்டாயா? நிறுத்தியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். நான் கேட்கவில்லை. கையைச் சூடாக வைத்துக்கொள், அவ்வளவுதான்.

1979-இல் செபுவில் முதல் தேசியப் போட்டி நடந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே சட்டைத் துணியில் தைத்துப் போட்டுக்கொண்டு போனார்கள், நான்தான் தைத்தேன். 1989 உலகப் போட்டிக்கு அப்புறம் வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். நம் கொட்டகைக்குப் பலகை மாட்டியது அப்போதுதான். உன் தத்தாய் பேசுவார், தியோ அடித்துக் காட்டுவார், நான் சோறு போடுவேன், கட்டணத்தை பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். பள்ளி என்றால் அந்த மூன்று பேர்தான். மற்றதெல்லாம் பலகை.

அதற்கு அப்புறம் என்ன வந்ததோ எல்லாம் நல்லதுதான். 2009-இல் ஆர்னிஸ்தான், அதாவது நம் எஸ்கிரிமாதான், பிலிப்பைன்ஸ் நாட்டின் விளையாட்டு என்று சட்டமே போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தெருவில் குச்சியோடு போவதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பாதிப் பேர் பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்தால்தான் கை பரபரக்கிறது. 2019 தென்கிழக்காசியப் போட்டியில் ஆர்னிஸுக்கு இருந்த 20 தங்கத்தில் 14 நமக்கு வந்தது. உன் தத்தாய் டிவி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருத்தியின் கால் வைப்பையும் குறை சொன்னார், சொல்லிக்கொண்டே அழுதார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பள்ளி எதற்கு உடைந்தது என்று வெளியே கேட்டால், லார்கோவா கோர்தோவா என்ற வாதத்தில் அண்ணன் தம்பி பிரிந்தார்கள் என்பார்கள். உன் தத்தாய் அப்படித்தான் சொன்னார். ஆண்டு விழா மலரிலும் அப்படியே அச்சடித்தார். ஒரு அமெரிக்கர் அதை எடுத்துக்கொண்டுபோய் எந்தத் தூரம் சிறந்தது என்று அங்கே பாடமே நடத்துகிறாராம். நடத்தட்டும். நம் கொட்டகையில் தூரத்தைப் பற்றி ஒரு சண்டையும் நடந்ததில்லை, டோங். பிஸ்கட் டின்னைப் பற்றித்தான் நடந்தது.

ஒரு ஜெர்மன்காரர் கூரைக்கென்று 300 டாலர் கொடுத்துவிட்டுப் போனார், உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சவுதியில் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி என் தம்பி வந்து நின்றான். இரண்டு மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்றான். எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஏஜென்ட் ஓடிவிட்டான். தகரம் வாங்க உன் தத்தாய் டின்னைத் திறந்த அன்று அது காலி. டின் இருக்கும் இடம் தெரிந்தவர்கள் மூன்று பேர். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகத் தன் தம்பியைப் பார்த்தார். சேவல் சண்டைப் பழக்கம் தியோவுக்குக் கொஞ்சம் இருந்ததா, அது போதுமாக இருந்தது அவருக்கு.

நான் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். தியோ என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முந்தின வாரம் என் தம்பி பின்வாசல் வழியாகப் போனதை அவர் பார்த்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. குச்சியைப் படியில் வைத்துவிட்டுப் போனார். எனக்காகச் சொல்லவில்லையா, அண்ணன் குடும்பம் உடையக் கூடாது என்று சொல்லவில்லையா, இருபத்தைந்து வருஷமாக யோசிக்கிறேன். அடுத்த நாள் அவர் படத்தின் மேல் காலண்டரை மாட்டியது உன் தத்தாய் இல்லை. நான். அந்தப் படம் தினமும் என்னைப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்தேன். உன் காலேஜ் முடியட்டும் என்றேன். உன் விசா வரட்டும் என்றேன். உன் தத்தாய் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு ராத்திரி வாய் வரைக்கும் வந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதோடு போயிற்று.

இன்னொன்று. பன்னிரண்டு வயதுக்கு அப்புறமும் நீ தியோவிடம் போய்க்கொண்டிருந்தாய், டயர் பஞ்சர் கடைக்குப் பின்னால். கூடைப்பந்து என்று சொல்லிவிட்டுப் போவாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? உன் குச்சிச் சத்தம் மாறிப்போயிற்று. இரண்டு அடிக்கு நடுவே இருந்த இடைவெளி குறைந்தது, இடது கை தட்டும் சத்தம் புதிதாக வந்தது. உன் தத்தாய் தனக்கு எதிரே நின்று பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டுபிடித்தும் பேசவில்லை. நான் அடுப்படியிலேயே கண்டுபிடித்தேன். உன்னைத் தடுக்கவில்லை. அந்த நாட்களில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

ஆகையால் அந்தப் பெயரை எழுது. முழுப் பெயராக, நடுப் பெயரோடு எழுது, லோலோவுக்குக் கீழே, உன் தத்தாய்க்குப் பக்கத்தில். கீழே இல்லை, பக்கத்தில். நீ இதைக் கேட்டபோதே உனக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் சொல்கிறேனா என்று பார்க்கத்தான் கேட்டிருப்பாய். அப்படிப் பெற்ற தாயைச் சோதிப்பது நல்ல பழக்கம் இல்லை. இருந்தாலும் நீ அப்படிக் கேட்டதற்கு நான்தான் காரணம்.

தியோ இப்போது தலிசாயில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒரு கண்ணில் புரை. தெருப் பிள்ளைகள் நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்வி, கண் சரியாகத் தெரியாததால் கையைத் தொட்டுத் தொட்டுத் திருத்துகிறாராம். எதிர் வீட்டுப் பெண் கிளம்பினதும், அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜீப்னியில் தலிசாய்க்குப் போகலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தால் முதல் வார்த்தையே வரவில்லை. கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன், 300 டாலருக்கு ஆகும் பெசோ. அதைக் கொடுத்தால் அவமானப்படுத்தியது போல ஆகுமா? நீயானால் என்ன செய்வாய்?

மாம்பழத்தை ஒரே நாளில் தின்று தீர்க்காதே. கையை நனைக்காதே, உறை போட்டுக்கொள். கடிதம் கிடைத்ததும் போன் செய், ஆனால் சனிக்கிழமைக்குள் செய். நீ பேசவில்லை என்றால் போகாமல் இருக்க எனக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். என்னை எனக்குத் தெரியும்.

நனாய்