358 என்று பொறித்துவிட்டால் போதுமா? சைசிங் டை தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் துப்பாக்கி ஈயக் குண்டுகளுக்கான சைசிங் டை செய்து விற்கும் நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

வார்த்த குண்டைத் தன் துளை வழியே தள்ளி, சரியான விட்டத்துக்கு நெருக்கும் எஃகுக் கருவிதான் டை என்று உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறோம். உங்களில் ஒருவர் விற்ற, 358 என்று (அதாவது 0.358 அங்குலம் என்று) பொறித்த டையில் தள்ளிய குண்டு 0.3568 அங்குலம்தான் இருக்கிறது. 1.2 தௌ குறைவு; ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புகார் எழுதினால், அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது, அளந்த இடத்தின் வெப்பநிலை காரணமாக இருக்கலாம் என்று பதில் வருகிறது. அந்த வரம்பு எவ்வளவு என்று பதிலில் இல்லை. பெட்டியிலும் இல்லை.

வெப்பநிலைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஈயம் பத்து லட்சத்தில் சுமார் 29 பங்கு விரியும். 0.358 அங்குலக் குண்டில் பத்து டிகிரி மாறினால் வித்தியாசம் 0.0001 அங்குலம், தௌவில் பத்தில் ஒன்று. 1.2 தௌ சுருங்க வேண்டுமென்றால் சுமார் 115 டிகிரி குளிர வேண்டும். 20 டிகிரியில் சைஸ் செய்த குண்டைப் பூஜ்யத்துக்குக் கீழே 95 டிகிரியில் வைத்து அளந்தால்தான் உங்கள் பதில் சரிவரும். அண்டார்டிகாவின் வஸ்தோக் நிலையத்தில் 1983-இல் பதிவான குளிரே மைனஸ் 89.2 டிகிரிதான். யாரும் அங்கே போய் மைக்ரோமீட்டர் பிடிக்கவில்லை ஐயா.

உண்மையில் துளை இன்னும் சிறியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தூய ஈயம் டை அளவிலேயே ஏறக்குறைய நின்றுவிடும். ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி சேர்ந்த கலவை, வெளியே வந்ததும் கொஞ்சம் மீண்டு விரியும். 90 பங்கு ஈயம், 5 பங்கு தகரம், 5 பங்கு ஆன்டிமனி உள்ள கலவையில் வார்த்த குண்டு 0.3568 காட்டினால், அதை நெருக்கிய துளை அதற்கும் கீழே. கலவையின் பெயரைச் சொல்லாமல் "இந்த டை இன்ன அளவு தரும்" என்பது பாதிப் பேச்சுதான்.

இதைக் கண்டுபிடிக்க வாங்கியவர் படும் பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள். கைக்கு எளிதில் கிடைக்கும் டிஜிட்டல் காலிப்பர் ஒரு தௌ வரை முன்னே பின்னே காட்டும். அதை வைத்து அரைத் தௌ பிழையைப் பேச முடியாது. பத்தில் ஒரு தௌ படிக்கும் மைக்ரோமீட்டர் வேண்டும், அதன் அளவீட்டை, அளவு தெரிந்த எஃகுக் கட்டையான கேஜ் பிளாக்கில் சரிபார்க்க வேண்டும். டையில் ஒட்டியிருக்கும் பழைய லூப்பை (குண்டில் பூசும் மசகை) துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் துளை பொய் சொல்லும். குண்டு டையைவிடச் சுற்றிலும் பெரிதாக வார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மார்க்கர் மை பூசித் தள்ளினால் தெரிந்துவிடும்: எங்காவது மை அழியாமல் நின்றால் அந்தப் பக்கத்தை டை தொடவே இல்லை, நீங்கள் அளப்பது குண்டை வார்த்த அச்சின் அளவை. தள்ளிய குண்டைச் சுற்றிச் சுற்றிப் பல இடத்தில் அளக்க வேண்டும், மைக்ரோமீட்டரின் திருகுக் குமிழான ராட்செட்டைத் திருகி நசுக்காமல். ஈயத்தில் மைக்ரோமீட்டர் வாயே பள்ளம் போட்டுவிடும். லூப் போட்டு சைஸ் செய்யும் எந்திரமென்றால், மேலே அழுத்தும் பஞ்ச் குண்டின் மூக்குக்குப் பொருந்தாமல் சாய்த்துத் தள்ளியதா என்பதும் ஒரு சந்தேகம்.

அதன் பிறகும் துளையை நேராக அளந்தாகவில்லை. அதற்கு ‘பின் கேஜ்’ எனப்படும், அளவு குறித்த எஃகு ஊசிகள் வேண்டும். 0.357 பின் நுழைந்து 0.358 பின் நின்றால் துளை இடையில் எங்கோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அதுவும் துளையின் மிகக் குறுகிய இடத்தை மட்டுமே சொல்லும். வாய் விரிந்து உள்ளே குறுகியிருப்பதைப் பிடிக்க, துளைக்குள் விரிந்து அளவெடுக்கும் சிறு துளை கேஜை ஆழம் ஆழமாக இறக்கி, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் பார்க்க வேண்டும். டையின் விலையைவிட அளவுக் கருவிகளின் விலை எங்கோ போய்விடுகிறது.

இவ்வளவும் டையைச் சந்தேகப்பட்டவர் செய்வது. பெரும்பாலானோர் சந்தேகப்படுவதே இல்லை, அதுதான் பெரிய கஷ்டம். எஃகில் 358 என்று பொறித்திருந்தால் யார் ஐயப்படுவார்கள்? உட்சுவரில் வெட்டிய பள்ளங்களின் அடிவரை அளந்த விட்டம் 0.357 அங்குலமுள்ள துப்பாக்கிக் குழலில் 0.3568 குண்டு போனால் ஓரத்தில் வாயு பீறிட்டு ஈயத்தை அரிக்கும், குழலில் ஈயம் படியும், குறி சிதறும். உடனே கலவை மென்மை என்று ஆன்டிமனியைக் கூட்டுவார்கள். பிறகு லூப்பை மாற்றுவார்கள், வெடிமருந்தின் அளவைக் குறைப்பார்கள், புது அச்சு வாங்குவார்கள். மணிக்கணக்காகக் குழலைத் தேய்ப்பார்கள். கலவையைக் கடினமாக்கினால் குண்டு குழலில் விரிந்து அடைக்கும் வாய்ப்பும் குறைந்து, பல நேரம் படிவு இன்னும் மோசமாகிறது. குற்றவாளி குண்டைத் தள்ளும் அழுத்தக் கருவியிலேயே உட்கார்ந்திருக்கிறான், மேலே உங்கள் முத்திரையோடு.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஒவ்வொரு டையோடும் அதன் அளந்த உள்விட்டத்தைப் பத்தில் ஒரு தௌ வரை எழுதித் தாருங்கள்.

துளை சிறிதாயிருந்தால் தேய்த்துக்கொள்ளலாமே என்று சொல்வீர்கள். தேய்க்கலாம். பிளந்த தண்டில் 400 எண் உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெய் விட்டு, துளையின் முழு நீளத்துக்கும் சீராக ஓட்டி, அடிக்கடி நிறுத்தித் துடைத்துக் குண்டு தள்ளிப் பார்த்துப் போனால் அரைத் தௌ எடுத்துவிடலாம். ஆனால் தண்டு வாயருகே அதிக நேரம் நின்றால் வாய் மணிபோல விரிந்துவிடும். கொஞ்சம் கூடிப்போனால் டை பழைய இரும்புக்குத்தான். தேய்த்த டைக்கு உத்தரவாதமும் கிடையாது என்கிறீர்கள். தேய்க்காத டைக்கு அளவு கிடையாது, தேய்த்த டைக்கு உத்தரவாதம் கிடையாது. நல்ல வியாபாரம்!

சாதாரண இசட்-இசட் (ZZ) தரப் ‘பின் கேஜ்’கூட, தன் பிழை 0.0002 அங்குலத்துக்குள், அது கூடுதல் பக்கமா குறைவுப் பக்கமா என்று சொல்லித்தான் விற்பனைக்கு வருகிறது. உங்கள் டையோ, வண்ண அட்டைப்பெட்டி, பளபளப்பு, பக்கத்தில் சட்டை விளம்பரம் எல்லாவற்றோடும் வந்து, தன் அளவை மட்டும் மூன்று எண்ணோடு நிறுத்திக்கொள்கிறது. சுருக்கப் பேச்சு நல்ல குணம்தான், அளவுக் கருவிக்கு அல்ல.

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா டையும் துல்லியமாக 0.3580 இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கடையும் டூல் தேயும், வெப்பப்பதம் செய்யும்போது துளை நகரும். அது எங்களுக்கும் தெரியும். 0.3574 என்றால் 0.3574 என்றே எழுதுங்கள், அதற்கேற்பக் குழலைப் பார்த்து வாங்குகிறோம். பிழை வரம்பையும், குண்டு தள்ளி அளந்திருந்தால் எந்தக் கலவை என்பதையும் சேர்த்துப் போட்டால் போதும். எழுத இடமில்லை என்று சொல்ல மாட்டீர்கள் என நம்புகிறோம். பெட்டிக்குள் வரும் நன்றி அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் டைகளைக் காசு கொடுத்து வாங்கி, மறுபடி அளப்பவர்கள்