நீட்டிய கையை வாங்க ஆளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில் பிறந்து வளர்ந்தவன். திருமண்டலத் தேர்தல் (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகளின் நிர்வாகத் தேர்தல்), அதையொட்டிய வழக்கு என்று உங்கள் பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் மனசு கனத்துப் போகிறது.

எங்கள் கோயிலில் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து ஆராதனையில் குருவானவர் பீடத்திலிருந்து கொடுக்கும் சமாதான வாழ்த்தை முன்வரிசையில் இருப்பவர்கள் வாங்கி, அடுத்தவர் கையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பிடித்துக் கொடுக்க, அது வரிசை வரிசையாகக் கடைசிவரை போகும். எங்கள் வரிசையில் ஒரு அண்ணன் கையை நீட்டினார். பக்கத்தில் இருந்தவரோ குனிந்த தலை நிமிராமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள், தேர்தலில் ஆளுக்கொரு அணி. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் அவர் மெதுவாக மடக்கிக்கொண்டார்.

இந்தச் சபை எப்படி உண்டானது? ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் 1919இல் தரங்கம்பாடியில் கூடிப் பேச ஆரம்பித்து, 28 வருஷம் பொறுமையாகப் பேசி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் ஒரே சபையானார்கள். அந்தப் பேச்சில் முன்னால் நின்ற பேராயர் அசரியா நம்ம வெள்ளாளன்விளைக்காரர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். நம் வீட்டுப் பெண்கள் உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துவைத்து ஊழியத்துக்குக் கொடுத்த சபை இது. இதன் நிர்வாகத்தைப் பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர் நீதிமன்றம் அனுப்பவேண்டிய நிலையும் வந்தது. சகோதரனும் சகோதரனும் வழக்காடலாமா என்று வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபையாரைக் கேட்டதைப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் வக்கீல் ஃபீஸுக்கு வசூல் பேசுகிறோம்.

ஜெபக்குறைவுதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதுவும் உண்மைதான், எங்கள் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி, நிலம் எல்லாம் தேர்தலில் ஜெயிக்கிற அணியின் கைக்குப் போகிறவரை இந்த அடிதடி ஓயாது. ஆசிரியர் நியமனத்தை அணிகளின் கையிலிருந்து எடுத்து, மார்க்கையும் சீனியாரிட்டியையும் பார்த்துப் போடுங்கள். கணக்கை ஒவ்வொரு சபையிலும் முழுசாக வாசியுங்கள். பதவிக்கு நிற்கிற பாதிப் பேர் அப்போது தானாக விலகிக்கொள்வார்கள் என்பது என் அபிப்பிராயம். பையன்கள் வேறு சபைகளுக்குப் போகிறார்கள் என்று வருத்தப்படும் பெரியவர்களும் இதை யோசிக்கவேண்டும், அந்தப் பையன்களும் அந்த நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை வருகிறது. அதற்கு அரிசி வசூலிக்க வீடு வீடாகப் போகும்போது, இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொரு ஆளாகச் சேர்த்து அனுப்பவேண்டும் என்று நாங்கள் சிலர் சபைக் கமிட்டியில் கேட்டிருக்கிறோம். அந்தச் சகலைகள் இரண்டு பேரின் பெயரையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஒரு சபையார்,
திருநெல்வேலி மாவட்டம்