தலைவலி நோட்டு எழுதியவர்களுக்கு நன்றி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து அப்பத்தாக்களுக்கும் ஆயாக்களுக்கும், அம்மாக்களுக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், மருந்துக்கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்கு வரும் மைக்ரேனை, அதாவது ஒற்றைத் தலைவலியை, கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேனிலும் அது தெரியாது. வேறு நோயோ என்று சந்தேகம் வந்தால்தான் ஸ்கேன். தேதி, வலி தொடங்கிய நேரம், விட்ட நேரம், வாந்தி, முந்தின இரவுத் தூக்கம், காலையில் சாப்பிட்டதா என்று நாள் தவறாமல் எழுதித் தந்தீர்களே, நோயைச் சொன்னது அந்த நோட்டுதான்.

அப்பத்தாக்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. வெளிச்சம் கூசுகிறது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ஓடிக்கொண்டிருந்த டிவியை விட்டுவிட்டு, வளவு முற்றத்து வெளிச்சத்திலிருந்து எழுந்துபோய் இருட்டறையில் சுருண்டுகொள்ளும். தூங்கி எழுந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல இட்லி கேட்கும். இதை அப்படியே எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

ஒற்றைத் தலைவலி என்ற பெயரே பிள்ளைகள் விஷயத்தில் ஆளை ஏமாற்றும். அவர்களுக்குப் பெரும்பாலும் நெற்றியிலோ இரண்டு பொட்டிலுமோ வலிக்கும். பெரியவர்களுக்கு 4 மணி நேரமாவது நீடிக்கும் வலி, இவர்களுக்கு 2 மணி நேரத்திலேயே விட்டுவிடலாம். அதனால்தான் பள்ளிக்கு மட்டம் போட நடிப்பு, சைனஸ், கண் பவர் என்றெல்லாம் பேச்சு வருகிறது. மாடிப்படி ஏறினால் வலி கூடுகிறது என்று கவனித்துச் சொன்ன ஆசிரியர்களால் அந்த நடிப்புப் பேச்சு நின்றது. இதேபோல் 5 முறையாவது வந்திருந்தால்தான் மைக்ரேன் என்று உறுதி சொல்வோம்.

எடை கேட்காமல் மாத்திரை தராத மருந்துக்கடைக்காரர்களுக்கும் நன்றி. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம். வலி தொடங்கியதுமே கொடுக்க வேண்டும். குமட்டல் வந்தபின் இரைப்பை மந்தமாகிவிடும், மருந்து சரியாக ஏறாது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் எங்களிடம் அனுப்புங்கள்; அடிக்கடி போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

விடியற்காலையில் தூக்கத்தைக் கலைத்த வலியையும் வாந்தியையும், நடையில் தள்ளாட்டத்தையும், காய்ச்சலோடு கழுத்து விறைத்ததையும் பார்த்து, நோட்டை எடுக்கக்கூட நிற்காமல் ஓடிவந்தவர்கள் செய்தது ரொம்பச் சரி. அதெல்லாம் அன்றைக்கே பார்க்க வேண்டியவை.

எழுதித் தீர்ந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வரும்போது அதையும் கொண்டுவாருங்கள். மாதத்துக்கு எத்தனை நாள் என்று ஒப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தை நல மருத்துவக் குழுவினர்